சகடை ரீச்சரின் வயலின் வகுப்பு

புத்தூர்ப் பக்கம் ஒரு ஆரம்பப் பாடசாலையில் வயலின் சொல்லிக் கொடுக்கப் போன முதல் நாளே எனக்குப் பட்டப்பெயர் கிடைத்துவிட்டது. சங்கீதம் படித்து முடித்துவிட்டு, நியமனம் வரும் வரும் என்று வீட்டில் சும்மா இருந்த காலம் அது. தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில், சமாதானம் என்று எல்லோரும் கொஞ்சம் மூச்சு விட்ட மாதங்களில், அந்தப் பாடசாலை அதிபரிடம் போய் இடம் கேட்டேன். ஓய்வுபெறும் வயதை நெருங்கிய பெண்மணி. "பிள்ளையளின்ரை காதிலை நல்லது ஏதாவது விழட்டும்" என்று சம்மதித்தார். இரண்டாம் தவணை தொடங்கி நான் என் வயலினையும் பிள்ளைக் கைக்கு ஏற்ற சின்ன வயலின் ஒன்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனபோது சமாதானம் முறிந்து, விமானங்கள் திரும்ப வரத் தொடங்கியிருந்தன. என் ராசி அப்படி.

பாடசாலை என்பது ஒரு நீள மண்டபம். வகுப்புகளுக்கு நடுவே சுவர் கிடையாது, கரும்பலகைதான். நாலாம் வகுப்புக்கு முன்னால் பாயில் உட்கார்ந்து சுருதிப்பெட்டியைத் திறந்தேன். கையால் துருத்தியை அசைத்துச் சத்தம் எழுப்பும் பெட்டி அது. பற்றரி கிடைக்காத ஊரில் அதுதான் உதவும். கீழ் ஸ்தாயியில் கனமாகச் சா எழுந்தது. பிள்ளைகளும் எழுந்தார்கள். எனக்குத்தான் மரியாதை செய்கிறார்கள் என்று ஒரு நொடி பூரித்துப் போனேன். அவர்கள் சத்தம் போடாமல், வரிசை குலையாமல், முற்றத்தில் குண்டுக்குப் பதுங்க வெட்டியிருந்த பங்கருக்குள் இறங்கினார்கள். அதைப் பார்த்துப் பக்கத்து வகுப்பும் இறங்கியது. கடைசியில் அதிபரும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். மண்டபத்தில் நானும் என் சாவும் மட்டும் என்று நினைத்தேன்.

ஒருத்தி எழும்பாமல் இருந்தாள். எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய இரட்டைப் பின்னல், முன்பல் ஒன்று பாதி முளைத்திருந்தது.

"உது சகடை இல்லை ரீச்சர்" என்றாள். "சகடை உதிலும் கொஞ்சம் கீழை. இடைக்கிடை விக்கும்."

குண்டு போட வரும் கிழட்டு விமானம் ஒன்றுக்கு எங்கள் ஊர்ச்சனம் வைத்த பெயர் சகடை. அதன் இரைச்சல் எந்தச் சுரத்தில் நிற்கிறது என்று அவளைப் பாடிக் காட்டச் சொன்னேன். பாடினாள். என் பெட்டியிலிருந்து ஒரு சுரம் கீழே, அணுவும் பிசகாமல் நிஷாதத்தில் நின்றாள். இந்தக் காதைக் கண்டுபிடிக்கத்தான் கடவுள் நியமனம் தராமல் வைத்திருந்தார் என்றுகூட, விசரி மாதிரி, அன்று நினைத்தேன்.

பங்கரிலிருந்து ஏறி வந்த பிள்ளைகள் என்னைச் சகடை ரீச்சர் ஆக்கினார்கள். இரண்டு நாளில் அது சந்திக் கடை வரை போய்விட்டது. அதை நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அடுத்த கிழமை வந்தது.

"ரீச்சர், குறை நினையாதையுங்கோ" என்றார் அதிபர். "உங்கடை வயலின் சத்தத்துக்கை பிளேன் வாறது கேளாதெண்டு தாய் தேப்பன் வந்து கதைக்கினம். வகுப்பு நடக்கிறதெண்டால் அந்த இரட்டைப் பின்னல் பிள்ளை வெளியிலை இருக்கட்டும்."

"ஏன் அவள்?"

"அவளுக்குத்தானே முதல் கேக்கும்."

அவள் காது எனக்குத்தான் புதினம், ஊருக்கு அது பழைய விசயம். அன்று முதல் அவள் மாமரத்தடியில் இருந்தாள். அவள் எழும்பி நின்றால் நாங்கள் வில்லை வைத்துவிட்டு இறங்கவேண்டும். ஒருநாளும் அவள் பிழைவிடவில்லை. உள்ளே மற்றவர்கள் முறை வைத்து வயலினை அறுத்தார்கள். வில்லுக்குப் பூச வேறொன்றும் கிடைக்காமல் கோயில் குங்கிலியத்தைத் தேய்த்ததில் வகுப்பு பூசை நேரம் போல மணத்தது. அறுந்த தந்திக்குச் சைக்கிள் பிறேக் கம்பியில் ஒரு இழை. அது பரவாயில்லை. காது இல்லாத பிள்ளைகளுக்கு நான் தொண்டை வறளச் சொல்லிக் கொடுக்க, காதுள்ள பிள்ளை வெளியே வானத்தைக் கேட்டுக்கொண்டிருந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. யாரைக் கோபிப்பது என்றும் தெரியவில்லை. அவள் கையில் வில்லைக் கொடுக்கவேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் உள்ளே வந்து மெல்லச் சொல்லுவாள்: "கரையிலை இருந்தவ 'க'வைக் குறைச்சுப் பிடிச்சவ ரீச்சர்." வானத்துக்கு ஒரு காதும் எனக்கு ஒரு காதுமாக மரத்தடியில் இருந்தே அவள் படித்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமையில் என் வீட்டுக்கு அனுப்பும்படி தாயைப் போய்க் கேட்டேன். தாய் தோட்டத்து வெங்காயத் தறையில் குனிந்தபடியே கதைத்தாள்.

"சனியிலை நாங்கள் வெங்காயம் கிண்டுறம் ரீச்சர். அவள் வரம்பிலை நிக்கவேணும். அவள் நிண்டால்தான் நாங்கள் குனிஞ்சு வேலை செய்யலாம்."

"ஞாயிறு?"

"ஞாயிறு பக்கத்துத் தறை. அவையும் கேட்டிருக்கினம்."

நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

தவணை முடிகிற வெள்ளிக்கிழமை அதிபரிடம் பிடிவாதமாக நின்றேன். இன்றைக்கு மரத்தடியில் நான் இருக்கிறேன், அவள் உள்ளே இருக்கட்டும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அவளைச் சம்மணமிட வைத்து, வயலினின் தலையைக் காலில் ஊன்றி, விரல்களைப் பிடித்து வில்லில் வைத்துக் கொடுத்தேன். பிறகு வெளியே போய் மரத்தடியில் இருந்தேன்.

சா எழுந்தது. தடுமாற்றம் இல்லாத, உருண்ட சா. பாதி வில்லில் நின்றது. எட்டிப் பார்த்தேன். தலையைச் சரித்துக் கூரைக்கு மேலே கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்ப இழுத்தாள். திரும்பப் பாதியில் நின்றது.

"நீ வாசி பிள்ளை. நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

"உங்களுக்குக் கேளாது ரீச்சர்."

துடுக்கு இல்லை. உள்ளதைச் சொன்னாள். சொல்லிவிட்டு வில்லைப் பாயில் வைத்தாள், எழும்பி நின்றாள். மண்டபம் முழுவதும் அவளோடு எழும்பியது. சங்கீதம் படித்த என் காதில் அப்போதும் காகங்கள்தான் கத்திக்கொண்டிருந்தன. பங்கருக்குள் இறங்கி, மண் மணத்துக்குள் குந்திய பிறகுதான் எனக்கு அந்த நிஷாதம் கேட்டது. தூரத்தில் எங்கோ குண்டு போட்டார்கள். வெளியே வந்ததும் யாரும் சொல்லாமலே அவள் போய் மரத்தடியில் இருந்துகொண்டாள்.

அடுத்த தவணை ஒழுங்காக நடக்கவில்லை. ஐப்பசி மழையோடு, இராணுவம் நெருங்கி வர, எங்கள் வலிகாமத்துச் சனம் முழுவதும் ஊரை விட்டு எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. மற்ற வயலினை விட்டுவிட்டு, சின்ன வயலினை மட்டும் உரப்பையில் சுற்றிச் சைக்கிளில் கட்டியிருந்தேன். அது யாருக்கென்று எனக்குத் தெரியும். ஓர் அடி வைக்க ஐந்து நிமிடம் பிடித்த அந்தச் சனத்துக்குள் அவளைக் கண்டேன். தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி, தலையைச் சரித்துக்கொண்டு, மழைக்கு மேலே எதையோ கேட்டபடி நடந்தாள். கை நீட்டினால் தொடலாம் போல ஒரு தூரம். நடுவே ஒரு மாட்டுவண்டி.

"பிள்ளை" என்று கூப்பிட்டேன். திரும்பத் திரும்பக் கத்திக் கூப்பிட்டேன். யார் யாருடையவோ பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குக் கேட்கவில்லை.