பட்டன் இருந்த இடம்

என் பெரியம்மா மகளைப் பாதிப் பேர் ‘அரைக்கட்டை’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெயரை மட்டும் கேட்டுவிட்டு ஆளைப் பார்க்க வருகிறவர்கள், கதவு நிலையில் இடிக்கிற அவள் உயரத்தைக் கண்டு விழிப்பார்கள். இது உயரக் கணக்கு இல்லை, சுதிக் கணக்கு. மேடையில் பாடுகிறவர்கள் சுதியை ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை, இரண்டு கட்டை என்று ஏற்றிக்கொண்டு போவார்கள். அரைக்கட்டை விலகினாலும் பாட்டு பாட்டாக இருக்காது. அக்கா விலகினாள் என்று ஒரு காலையில் ஒரு மனிதர் சொன்னார். எட்டு வருடமாகியும் பெயர் அவளை விட்டுப் போகவில்லை.

அவளுக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். முன்பக்கம் வெளிச்சமும் நிலைக்கண்ணாடிகளும். பின்னால் ஓர் இருட்டறை, அதில் லென்ஸ் தேய்க்கும் சக்கரம். லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்க்கும்போது சக்கரம் ஒரு சத்தம் போடும். விளிம்பு கனமாக இருக்கையில் கீழே கிடக்கும் சத்தம், தேயத் தேய மெல்ல மேலே ஏறும். பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தவள், பேச ஆளில்லாத அந்த அறையில் சக்கரத்தோடு சேர்ந்து முனகத் தொடங்கினாள். எந்த இடத்தில் சத்தம் நின்றால் லென்ஸ் சரியாக உட்காரும் என்று அவள் காதுக்குத் தெரியும். அளவுகோலை எடுப்பது முதலாளி பார்த்தால் மட்டும். பாட்டு வகுப்பு என்று அவள் போனது அந்த அறைக்குத்தான்.

அந்தக் காதை நம்பித்தான் மாஸ்டரின் மெல்லிசைக் குழுவில் சேர்ந்தாள். மாஸ்டர் கீபோர்டு வாசிப்பார், குழுவும் அவருடையது. மற்ற பாடகர்கள் ஆரம்பிக்கும் முன் அவரிடம் சுதி கேட்பார்கள். அக்கா கேட்க மாட்டாள். நேராக நாலரைக் கட்டையில் போய் இறங்குவாள். கீபோர்டு பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும். மாஸ்டருக்கு இது பிடிக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. கொஞ்சம் திமிர்தான், அவளே ஒத்துக்கொள்வாள்.

மாஸ்டரிடம் ஒரு ரகசியம் இருந்தது. அவருக்குக் கீபோர்டின் வெள்ளைக் கட்டைகளில் மட்டும்தான் வாசிக்க வரும். எந்தச் சுதியானாலும் விரல்கள் அதே இடத்தில் ஓடும். டிரான்ஸ்போஸ் என்றொரு பட்டன் உண்டு, அதை அழுத்தினால் கீபோர்டே சுதியை ஏற்றி இறக்கிக் கொடுத்துவிடும். பாட்டுக்குப் பாட்டு அதை மாற்ற வேண்டும், மறக்கக் கூடாது.

ஒரு கம்பெனியின் ஆண்டு விழாவில் அவர் மறந்தார். முந்தைய பாட்டு ஐந்து கட்டை. அக்காவின் பாட்டு நாலரை. முதல் இரண்டு வரியை வாத்தியமில்லாமல் தனியாகப் பாட வேண்டும். பாடினாள். மூன்றாவது வரியில் கீபோர்டு அரைக்கட்டை மேலே வந்து இறங்கியது. பாத்திரக் கடையில் அலமாரி சாய்ந்த மாதிரி இருந்தது. அரங்கம் சிரித்தது. மூன்றாவது வரிசையில் அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

மாஸ்டர் வாசிப்பதை நிறுத்திவிட்டு மைக்கை இழுத்தார். “பாப்பாவுக்கு இன்னும் சுதி பிடிபடல. அரைக்கட்டைதான் விலகிருக்கு, பொறுத்துக்குங்க.”

இதைச் சொல்லிக்கொண்டே இடது கட்டைவிரலால் பட்டனை ஒரு முறை அழுத்தினார். அக்கா பார்த்தாள். பின்னால் ரிதம் பேட் வாசிக்கிற அண்ணனும் பார்த்தார், பார்த்துவிட்டுத் தன் குச்சிகளைப் பார்த்தார். அக்கா மறுபடி அதே இடத்தில்தான் ஆரம்பித்தாள், இம்மி மாறவில்லை. இந்த முறை கீபோர்டு சரியாக வந்து சேர்ந்தது. அவள் திருத்திக்கொண்டாள் என்று நினைத்துச் சனம் கை தட்டியது.

அடுத்த நிகழ்ச்சிக்கு அவளைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. வேறு குழுக்களில் கேட்டால், சுதி விலகுமாமே என்றார்கள். கடை முதலாளிகூட, லென்ஸையும் அரை நம்பர் தள்ளிப் போட்டுவிடாதே என்று சிரித்தார்.

அவள் அழவில்லை. பழைய சாமான் கடையிலிருந்து ஒரு கீபோர்டைத் தூக்கி வந்தாள். வந்ததும் செய்த முதல் வேலை, டிரான்ஸ்போஸ் பட்டனை ஃபிரேம் திருகும் குட்டி ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்ததுதான். பள்ளத்துக்குள் ஃபிரேம் ஒட்டும் பசையை ஊற்றினாள்.

“ஏங்க்கா, நல்லாத்தானே இருக்கு?” என்றேன்.

“அது இருந்தா நானும் அந்தாள் மாதிரி ஆயிடுவேன்டா.”

கடையின் பின்னறையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒவ்வொரு பாட்டையும் பன்னிரண்டு சுதியிலும் வாசித்துப் பழகினாள். ஒரு சுதி கை வந்ததும் அரைக்கட்டை ஏற்றிக்கொள்வாள். விரல் தடுமாறினால் மாஸ்டரை ஒரு வார்த்தை சொல்வாள், அதை இங்கே எழுத முடியாது. இசை மனதை இளக்கும் என்று நான் படித்திருந்தேன். அந்த அறையில் அது கத்தி தீட்டிக்கொண்டிருந்தது. என்னதான் செய்யப் போகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். தன் தப்பு என்று அவர் வாயாலேயே மைக்கில் சொல்ல வைக்கப் போவதாகச் சொன்னாள். சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

நாலு வருடத்தில் அவளுக்கென்று ஒரு குழு அமைந்தது. தொண்டை கட்டிய அன்றைக்கு அரைக்கட்டை இறக்கிக் கேட்டாலும் கண் மூடித் திறப்பதற்குள் வாசிப்பாள் என்பதால் பாடகர்கள் தேடி வந்தார்கள். பேட் அண்ணனும் வந்தார். அவரைச் சேர்த்துக்கொண்டாள், ஒரு வருடம் வரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன வருடம் அதே கம்பெனி, அதே அரங்கம். முற்பகலில் முதல் பாதி அக்காவின் குழு, இடைவேளைக்குப் பின் மாஸ்டரின் குழு. இடைவேளையில் அவருடைய கீபோர்டை மேடையில் பொருத்தியபோது அடாப்டர் புகைந்து கருகியது. மாற்று இல்லை, அக்காவுடையது அதில் பொருந்தாது. அக்காவின் கீபோர்டு அங்கேயே, இணைப்போடு நின்றது. மாஸ்டர் மேடையோரம் வந்தார். முடிக்கு மை தீட்டியிருந்தார்.

“ஒரு மணி நேரம் உன்னோடத வாசிச்சுக்கலாமாம்மா?”

“தாராளமா வாசிங்க மாஸ்டர்.”

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

முதல் பாட்டுக்கு ஒரு சின்னப் பெண் வந்து நின்றாள். அறிவிப்பாளர் பாட்டைச் சொன்னார். அக்காவின் அதே பாட்டு, அதே நாலரைக் கட்டை. ஐந்து கறுப்புக் கட்டைகளையும் தொடாமல் அந்தச் சுதியில் வாசிக்க முடியாது. அந்தப் பெண் சுதி கேட்டுத் திரும்பினாள். மாஸ்டரின் இடது கட்டைவிரல் பழகிய இடத்துக்குப் போய்ப் பள்ளத்தில் விழுந்தது. தடவினார். குனிந்து பார்த்தார். கறுப்புக் கட்டைகளில் எதையோ தேடினார், தப்பு, மறுபடி தேடினார், அதுவும் தப்பு. முன்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். பெண் மைக் ஒயரை விரலில் சுற்றத் தொடங்கினாள்.

அந்தப் பெண்ணுக்காக இரக்கப்பட்டு அக்கா எழுந்தாள் என்று எழுத எனக்கு ஆசைதான். அவள் எழவில்லை. சிரிப்பு மூன்றாவது வரிசைக்கு வந்து சேரும்வரை காத்திருந்தாள். அப்புறம்தான் நடந்து போய் அவர் பக்கத்தில் நின்றாள். மேடையோரப் படியிலிருந்த எனக்குக் கேட்டது.

“அன்னிக்கு யாரு தப்பு? மைக்ல சொல்லுங்க, வாசிக்கிறேன்.”

“அப்புறம் சொல்றேம்மா. ஆளுங்க பாத்துக்கிட்டிருக்காங்க.”

“அன்னிக்கும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க.”

மாஸ்டர் அந்தப் பெண்ணைப் பார்த்தார், அரங்கத்தைப் பார்த்தார். மைக்கை இழுத்தார்.

“ஏழு வருஷம் முன்னாடி இதே மேடையில இந்தப் பொண்ணுக்குச் சுதி விலகிச்சுன்னு சொன்னேன். விலகல. பட்டனை மாத்த மறந்தது நான்தான்.”

பிறகு அரங்கமே கை தட்டியது, அவருக்கு. எவ்வளவு பெரிய மனசு, எவ்வளவு தன்னடக்கம் என்று பின்வரிசைப் பெரியவர் ஒருவர் உச்சுக் கொட்டினார். அக்காவின் முகம் கறுத்தது. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். மாஸ்டர் நகர, அவள் உட்கார்ந்து சுதி கொடுத்தாள். மீதி நிகழ்ச்சி முழுக்க வாசித்தாள், எல்லாவற்றையும் பாடகர் கேட்ட சுதியிலேயே. மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். உட்கார நாற்காலி போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “கை தட்டுனாங்கடா அந்தாளுக்கு.”

இரண்டு வாரம் கழித்து அந்தச் சின்னப் பெண் கண்ணாடிக் கடைக்கு வந்து, அக்காவின் குழுவில் சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டாள். அடுத்த மாதம் அங்கிருந்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். மாஸ்டரிடம் இப்போது மிச்சமிருப்பது புது அடாப்டர்தான். அரைக்கட்டை என்ற பெயர் அப்படியே இருக்கிறது. யாராவது வெட்கப்பட்டு மாற்றிக் கூப்பிட்டால் அக்கா அனுமதிப்பதில்லை. பெயர் இருந்தால்தானே ஏன் வந்தது என்று கேட்பார்கள்.

கேட்கிறார்கள். புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் அவள் கீபோர்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர்கள் கட்டைவிரலைப் பிடித்து, பசை இறுகிய அந்தப் பள்ளத்தில் அழுத்துகிறாள்.

“இங்கதான் ஒருத்தர் மறந்தாரு,” என்று ஆரம்பிக்கிறாள்.