குடிக்காதவர்கள் போட்ட ஒயின்

போன வாரம் என் மனைவி சமையலறையிலிருந்து ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். லேபிள் உரிந்துபோன பாட்டில். வெங்காயம் ஊறப்போட எடுத்தாளாம். உள்ளே இருப்பது வினிகரா, போன வருஷம் யாரோ கொடுத்த பன்னீரா என்று சந்தேகம். அவளே ஒருமுறை மோந்து பார்த்தால் தீர்ந்துவிடும். ஆனால் எங்கள் வீட்டில் மோந்து பார்க்கும் இலாகா கல்யாணமான நாளிலிருந்து என்னுடையது. அந்த இலாகாவின் மந்திரிக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சலோடு மூக்கு போய்விட்டது என்பதை அவள் அடிக்கடி மறந்துவிடுகிறாள். நானும்தான்.

தொண்ணூறுகளில் எனக்குக் கல்கத்தாவில் வேலை. லேக் மார்க்கெட் பக்கம் இரண்டு பேரோடு ஓர் அறை, டல்ஹௌசியில் ஒரு மத்திய அரசு நாற்காலி, ஞாயிற்றுக்கிழமைக்குப் பெஹாலாவில் சேவியர் அண்ணன் வீடு. அண்ணன் தூத்துக்குடிக்காரர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். எங்கள் சினேகிதம் ஒரு மினி பஸ்ஸில், நான் தமிழில் முணுமுணுத்த ஒரு வசவில் ஆரம்பித்தது. அவர் மனைவி ஃபிலோ அக்கா, நான் வருகிறேன் என்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்குவதை நிறுத்தினார். தூத்துக்குடிக் குடும்பம் ஒன்று ஞாயிறு மதியம் கத்தரிக்காய்க் குழம்பைத் தின்றது என்றால் அது சாதாரணத் தியாகமில்லை. அப்போது எனக்கு அது புரியவில்லை. இரண்டாம் முறையும் குழம்பு கேட்டேன்.

அந்த வீட்டுப் பின்கட்டில் ஒயின் போடுவார்கள். முதலில் கிறிஸ்துமஸுக்கு வீட்டு அளவில் ஒரு பீங்கான் ஜாடி. அப்புறம் மாதா கோயில்காரர்கள் கேட்டார்கள், துறைமுகத்து நண்பர்கள் கேட்டார்கள், பாலிகஞ்சிலிருந்து யார் யாரோ கேட்டார்கள். நான் போய்ச் சேர்ந்த காலத்தில் ஏழு ஜாடிகள். பக்கத்து வீட்டு வங்காளி மொண்டல்தா விடியற்காலையில் மெச்சுவா பழச்சந்தைக்குப் போய்க் கறுப்பு திராட்சை வாங்கி வருவார். கொத்துக் கொத்தாகக் கழுவி, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்துவார். அண்ணன் கையால் பிசைவார். அக்கா சர்க்கரையும் கோதுமையும் பட்டை கிராம்பும் அளந்து போடுவார். அவர்கள் மகள் ஜெனி, பழைய பாட்டில் வாங்கும் பிக்ரிவாலாவிடம் பேரம் பேசிச் சேர்த்த ஸ்குவாஷ் பாட்டில்களைக் கழுவி வைப்பாள்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. இந்த ஒயினைப் போடும் ஒருவரும் குடிப்பதில்லை. மொண்டல்தாவுக்குச் சர்க்கரை வியாதி. அக்காவுக்கு ஒரு சொட்டு உள்ளே போனாலே தலைவலி. ஜெனிக்கு வாசனையே ஆகாது. அண்ணன் ஒரு காலத்தில் நன்றாகவே குடித்தவர். ஜெனிக்குச் சின்ன வயதில் டைஃபாய்டு வந்து பிழைக்குமா என்றிருந்தபோது வேளாங்கண்ணிக்குப் போய், இனித் தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டு வந்தார். அத்துடன் நிறுத்தியவர்தான். “போடுததுக்குக் கைதானடே வேணும், வாய் எதுக்கு?” என்பார். நானோ வெங்காயத்தையே சந்தேகத்தோடு பார்க்கும் குடும்பத்தில் பிறந்தவன்.

ஒரு வருஷம் ஒயினை வடிகட்டும் நாளில், வாசற்படியில் நின்றுகொண்டு, மூன்றாவது ஜாடியில் ஈரச் சாக்கு வாசனை வருகிறது என்று சும்மா சொல்லிவைத்தேன். பிரித்துப் பார்த்தால் வாய்க்கட்டுத் துணியில் பூஞ்சை. மொண்டல்தா “தாருண், தாருண்” என்று என் முதுகில் தட்டினார். பிரமாதம் என்று அர்த்தம். அன்றிலிருந்து நான் அந்தத் தொழிற்சாலையின் மூக்கு. ஜாடிகளைத் திறக்கும்போது எல்லோரும் விலகி வழிவிடுவார்கள். நான் குனிந்து, கண்ணை மூடி, தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அப்படியே இருப்பேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, முதல் நொடியிலேயே தெரிந்துவிடும். மீதி நேரம் பார்க்கிறவர்களுக்காக. அலுவலகத்தில் என் ஃபைலுக்குக் கிடைக்காத மரியாதை என் மூக்குக்குக் கிடைத்தது.

ஜெனிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கரக்பூர் ரயில்வேக் காலனித் தமிழர். கல்யாணம் ஜனவரியில் என்பதால், முந்தைய மார்ச்சிலேயே கல்யாணத்துக்கென்று தனி ஜாடி போட்டார்கள். அங்கேதான் அன்பு மிகுந்துபோய்த் தப்பு நடந்தது. மற்ற ஒயினை வடிகட்டி பாட்டிலில் அடைத்தவர்கள், இதை மட்டும் ஜாடியிலேயே விட்டார்கள். நாள் ஆக ஆக நன்றாயிருக்கும் என்று நினைத்தோம். நினைத்தோம் என்கிறேன், அந்த யோசனையைச் சொன்னதே நான்தான்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு ஜாடியைத் திறந்தார்கள். கரக்பூரிலிருந்து மாப்பிள்ளையின் சித்தி வந்திருந்தார், கோயில்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். நான் மூன்று நாள் ஜலதோஷத்தோடு, கல்கத்தா வழக்கப்படி மங்கி கேப்பை மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அண்ணன் எல்லோரிடமும், “இவன் மூக்கு இருக்கே, அது மூக்கில்ல, மெஷினு” என்று அறிமுகப்படுத்தினார். மெஷினுக்குள் அப்போது காற்றே போகவில்லை.

குனிந்தேன். கண்ணை மூடினேன். ஒன்றும் தெரியவில்லை. ஜாடிக்குள் மண்ணெண்ணெய் இருந்தாலும் தெரிந்திருக்காது. நிமிர்ந்தபோது பத்துப் பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “அடைத்திருக்கிறது” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “இந்த மாதிரி வந்ததே இல்லை” என்றேன். அது ஒருவகையில் உண்மைதான். மற்றவர்கள் மூக்கில் புளிப்பு ஏறியிருக்கலாம், ஆனால் மெஷின் சொன்ன பிறகு தன் மூக்கை யார் நம்புவார்கள்?

கல்யாணத்தன்று கோயில் ஹாலில் கேக் வெட்டி, சின்னச் சின்ன கிளாஸ்களில் ஒயின் வழங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா முதல் மடக்கைக் குடித்தார். அவர் மீசை மெல்ல மேலே ஏறியது. பக்கத்திலிருந்தவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டார். சித்தி கிளாஸை அப்படியே வாயருகில் வைத்துக்கொண்டு நின்றார். கல்யாண வீட்டில் வினிகர் கொடுத்தார்கள் என்று யார் முதலில் சொல்வது? ஜெனியின் முகம் சிவந்துவிட்டது. நான் தூணுக்குப் பின்னால் போவதற்கு ஒரு தூணைத் தேடினேன்.

அப்போது சேவியர் அண்ணன் தட்டிலிருந்து ஒரு கிளாஸை எடுத்தார். ஃபிலோ அக்கா அவர் கையைப் பிடிக்கப் போனார், எட்டவில்லை. பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு, அத்தனை பேர் முன்னால், ஒரே மூச்சில் குடித்துவிட்டு கிளாஸைக் கவிழ்த்துக் காட்டினார். “எங்க ஊர்ல கல்யாண ஒயின் இப்படித்தான். மொத வாய் புளிப்பு, அதுக்கப்புறம் எல்லாம் இனிப்பு” என்றார். அப்படி ஒரு வழக்கம் தூத்துக்குடியில் அன்றைக்கும் கிடையாது, என்றைக்கும் கிடையாது. மாப்பிள்ளையின் அப்பா ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்துத் தன் கிளாஸையும் காலி செய்தார். ஹாலே குடித்து முடித்தது.

எல்லோரும் சிரித்தார்கள், அக்காவைத் தவிர. அவர் அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விட்டவன் ஒரு கிளாஸ் தொட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரிந்தது. எனக்கு வாழ்க்கையில் அவ்வளவு வெட்கம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

அடுத்த ஞாயிறு அக்கா என்னைச் சமையல்கட்டுப் பக்கம் கூப்பிட்டு, “தம்பி, அவுக டூட்டி முடிஞ்சு வந்ததும் பக்கத்துல போயி கொஞ்சம் உக்காரு” என்றார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதால் மேற்கொண்டு கேட்க வேண்டியிருக்கவில்லை. ஜலதோஷம் போய் மூக்கு நன்றாகத் திறந்திருந்தது. நான்கு ஞாயிறுகள் நான் அண்ணனை மோந்து பார்த்தேன். கிரீஸ், வியர்வை, வெற்றிலை, ஒருநாள் புது சோப்பு. வேறொன்றும் இல்லை. இல்லை என்று அக்காவுக்குத் தலையாட்டிவிட்டு லேக் மார்க்கெட்டுக்கு பஸ் ஏறுவேன். வாரம் முழுக்க அவர் துறைமுகத்திலிருந்து நேராக வீட்டுக்குப் போயிருப்பாரா என்றே யோசித்துக்கொண்டிருப்பேன்.

ஐந்தாவது ஞாயிறு அண்ணன் நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். “என்னடே, கருவாட்டுக் கூடைய பூனை சுத்துத மாதிரி நாலு வாரமா என்னைச் சுத்துத?”

அதற்கு மேல் தாங்கவில்லை. “அண்ணே, அன்னைக்கு எனக்கு மூக்கு அடைச்சிருந்தது. ஒண்ணுமே தெரியல. எல்லாரும் பாத்தாங்களா, சொல்ல வெட்கமாயிருந்துச்சு. நீங்க சத்தியத்த மீறினதுக்கு நான்தான் காரணம்” என்று கொட்டிவிட்டேன்.

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே பார்த்து, “ஏளா, இங்க வா, நீயும் கேளு” என்று அக்காவைக் கூப்பிட்டார். “நான் மாதாகிட்ட என்ன சொன்னேன்? சாராயம் தொடமாட்டேன், பீரு தொடமாட்டேன், ஒயினு தொடமாட்டேன்னு சொன்னேன். இவன் பாஸ் பண்ணது வினிகர்லா. வினிகரப் பத்தி நான் மாதாகிட்ட பேசவே இல்லயே.”

அக்கா நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாத மாதிரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, “அடைச்சிருந்தா அடைச்சிருக்குன்னு சொல்லணும் தம்பி. இதுல என்ன வெட்கம்?” என்றார். அன்று இலையில் மூன்றாம் முறையும் குழம்பு விழுந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அண்ணன் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். அந்தப் பின்கட்டையும் மொண்டல்தா வீட்டையும் சேர்த்து இடித்து ஐந்து மாடி கட்டிவிட்டார்கள். ஜாடிகளை யார் கொண்டுபோனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஜெனியின் கொழுந்தன் கல்யாணத்தில், தூத்துக்குடி வழக்கம் என்று சொல்லி, நல்ல ஒயினில் வினிகர் கலந்து கொடுத்தார்களாம். அண்ணன் இறந்துபோய்ப் பத்து வருஷம் ஆகிறது. கடைசிவரை தொடவில்லை என்று அக்கா ஃபோனில் சொன்னார். வினிகர் உட்பட, என்றும் சொன்னார்.

மனைவி நீட்டிய பாட்டிலை ஒருமுறை மோந்து பார்த்தேன், பழக்க தோஷம். “எனக்கு ஒண்ணும் தெரியல, நீயே பாரு” என்று உடனே சொல்லிவிட்டேன். அதைச் சொல்ல இப்போது அரை நொடிகூட ஆகவில்லை. திராட்சையும் கிராம்பும் ஈரக் கோதுமையும் கலந்த அந்தப் பெஹாலா வாசனை இனி எங்கேயும் இல்லை. அப்படியே எங்காவது இருந்து, யாராவது ஒரு ஜாடியைத் திறந்து, வழிவிட்டு நின்று, என்னைக் கூப்பிட்டாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.