சிவப்புத் துணி கட்டிய வெள்ளைக்கோழி

கோழிகள் சண்டை போடும் என்பது யாருக்குத்தான் தெரியாது? எனக்கும் தெரியும். ஆனால் எதற்காகப் போடுகின்றன என்று தைக்கிற வேலையை விட்டுவிட்டு யோசிக்க வைக்கும் என்று நினைக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான், என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா. அவர் ஒட்டன்சத்திரத்திலிருந்து காய்கறி ஏற்றிவரும் வேன் ஓட்டினார். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுத்தேன். தையல் மிஷின் பின்பக்க ஜன்னலை ஒட்டி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கொல்லை, கொல்லையில் முட்டைக்காக வளர்த்த நாலு கோழிகள். நாலுக்கும் தலைவி ஒரு கருங்கோழி. அது தின்று முடித்துத் தள்ளி நிற்கும்வரை மற்ற மூன்றும் குருணையில் வாய் வைக்காது.

அந்த வருஷம் வீட்டுக்காரர் மஞ்சள்காமாலையில் படுத்துவிட்டார். கண்ணெல்லாம் மஞ்சளாகி, சோற்றைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை எங்கள் வேதக்கோயிலில் புனிதர் சுரூபத்தின் முன்னால் முழங்காலில் நின்று, மகன் எழுந்து நடமாடினால் திருவிழா அன்னதானத்துக்கு ஒரு கோழி தருவதாக நேர்ந்துகொண்டார். எங்கள் கோயில் திருவிழாவில் இப்படி நேர்ந்த ஆடும் கோழியும் வந்து குவியும். எல்லாவற்றையும் சேர்த்துச் சமைத்து, வந்தவர்கள் அத்தனை பேருக்கும் சோறு போடுவார்கள். வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். மருந்து சாப்பிட்டார், பத்தியமும் இருந்தார். ஆனால் அவரை எழுப்பியது புனிதர்தான் என்பதில் அத்தைக்குச் சந்தேகமே கிடையாது.

கொல்லையில் இருக்கிற கோழியில் ஒன்றைக் கொடுத்தால் போதாதா என்று கேட்டேன். நேர்ந்ததற்கென்று தனியாக வாங்கினால்தான் மனசு நிறையும் என்று சொல்லி, அத்தை வத்தலக்குண்டு சந்தைக்குப் பஸ் ஏறினார். ஒயர்கூடையில் ஒரு வெள்ளை வெடைக்கோழியோடு திரும்பினார். இன்னும் முட்டையிடத் தொடங்காத இளசு. நேர்ந்த கோழியை யாரும் தப்பித் தவறி அறுத்துவிடக் கூடாதல்லவா, அதற்காகக் காலில் அடையாளம் கட்டுவது எங்கள் வீடுகளில் வழக்கம். என் மிஷினுக்கடியில் கிடந்த சிவப்பு ஜாக்கெட் துணியில் ஒரு நாடா கிழித்து, செபம் சொல்லி, அதன் காலில் கட்டி இறக்கிவிட்டார்.

இறக்கிவிட்டதும் ஆரம்பித்தது. கருங்கோழி வந்து தலையில் ஒரு போடு போட்டது. அதைப் பார்த்து மற்ற மூன்றும் ஆளுக்கொரு போடு. புதிதாக வந்தால் அப்படித்தான் இருக்கும், நாலு நாளில் பழகிவிடும் என்றார் அத்தை. பழகவில்லை. காலில் ரத்தம் வந்தது, ரத்தத்தைக் கண்டதும் இன்னும் மூர்க்கமாகக் கொத்தின. வெள்ளை ஓடிப்போய்ச் சலவைக்கல்லின் சந்தில் தலையை நுழைத்துக்கொண்டு, முதுகைக் கொத்தக் கொடுத்துவிட்டு நிற்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அளவுகோலைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். நான் திரும்பி வந்து மிஷினில் உட்கார்ந்து மிதிப்பதற்குள் மறுபடியும் அதே கூத்து.

பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து அதற்குள் தனியாக வைத்தோம். புண் ஆறியது, ஆனால் தீனி எடுக்கவில்லை. மற்றதெல்லாம் மேய்வதைக் கம்புகளின் இடைவெளி வழியாகப் பார்த்துக்கொண்டே நிற்கும். மெலிந்துவிட்டதே என்று வெளியே விட்டால், அன்றைக்குத்தான் புதிதாக வந்தது போல முதலிலிருந்து அடி. உள்ளே வைத்தால் பட்டினி, வெளியே விட்டால் ரத்தம். ஒருநாள் அது எழுந்திருக்காமல் கழுத்தைத் தொங்கப்போட்டுப் படுத்துவிட்டது. அத்தை அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"இது போச்சுன்னா எம்மகன் உசுருக்கு நான் என்னா பதில் சொல்லுவேன்?"

வேறொரு கோழி வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்கிற நேரமா அது? வீட்டுக்காரர் வேனில் போயிருந்தார். கொடைக்கானல் மலைக்கு லோடு என்று சொல்லிவிட்டுப் போனவர். எனக்கு இந்த நேர்த்திக்கடனிலெல்லாம் அவ்வளவாகப் பிடிப்பில்லை. அப்படியும் அன்று பயமாகத்தான் இருந்தது.

தலையிலும் முதுகிலும் இருந்த புண்ணுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவினேன். அதற்குப் பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். மஞ்சள் பூசிய இடத்தை அவை சீண்டவே இல்லை. நேராகக் காலுக்குப் போயின. காலில் அப்படி என்ன இருக்கிறது? கத்தரித்து மிச்சமான துணித் துண்டுகளை ஜன்னல் வழியாக வீசிப் பார்த்தேன். பச்சை கிடந்தது, நீலம் கிடந்தது, எட்டிப் பார்க்க ஆளில்லை. சிவப்புத் துண்டு விழுந்ததும் நாலும் றெக்கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தன. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. திரும்பத் திரும்ப வீசினேன். அன்று கொடுக்கவேண்டிய ஜாக்கெட்டைக் கேட்டு வந்த பெண் வாசலில் நின்று, காமாலை இப்போது என் தலைக்கு ஏறிவிட்டதா என்று கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

அத்தையிடம் சொன்னேன். எது காக்கும் என்று கட்டினாரோ அதுதான் கொத்து வாங்கித் தருகிறது என்றேன். அவர் கோபப்படவில்லை. ஆனால் செபம் சொல்லிக் கட்டியதைத் திருவிழாவுக்கு முன்னால் அவிழ்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சரி, நிறத்தையாவது மறைப்போம் என்று சேற்றைப் பூசினேன். கோயில் காரியத்தில் அழுக்கா என்று தண்ணீர் ஊற்றிப் பளிச்சென்று கழுவிவிட்டார்.

அவிழ்க்கத்தானே கூடாது? ஞாயிற்றுக்கிழமை அவர் முதல் பூசைக்குப் போயிருந்தபோது, மிச்சமிருந்த சிவப்புத் துணியில் இன்னும் நாலு நாடா கிழித்து, நாலு கோழிக்கும் கட்டிவிட்டேன்.

அன்று காலை நான் ஒரு தையல்கூடப் போடவில்லை. கருங்கோழி பக்கத்துக் கோழியின் காலைக் கொத்தியது, அது இதன் காலைத் திருப்பிக் கொத்தியது. இன்னொன்று தன் காலிலேயே சிவப்பைக் கண்டு, அதைப் பிடிக்கச் சுற்றிச் சுற்றி வந்தது. எங்கே பார்த்தாலும் சிவப்பு, எதைக் கொத்துவது என்று தெரியவில்லை. வெயில் ஏறுவதற்குள் சலித்துப்போய் மண்ணைக் கிளறப் போய்விட்டன. வெள்ளை சந்திலிருந்து வெளியே வந்தது. ஒரு குருணை, இன்னொரு குருணை. யாரும் அதைக் கவனிக்கவில்லை. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தேன்.

அத்தை பூசை முடிந்து வந்து கொல்லையைப் பார்த்தவர், முக்காட்டைக்கூட எடுக்காமல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாத்தையும் நேந்துவிட்டுட்டியே, தாயி."

நான் எதையும் நேர்ந்துகொள்ளவில்லை, செபமும் சொல்லவில்லை, வெறும் துணிதான் என்று அடித்துப் பேசினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கட்டுறப்ப மனசுல என்னா நெனச்ச?" என்றார்.

"இந்த வெள்ள எப்படியாச்சும் பொழச்சுக்கிறணும்னு நெனச்சேன்."

"பொறகு அதுக்குப் பேரு என்னாங்கிற?"

வீட்டுக்காரர் வந்து கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ஒன்றையாவது குழம்புக்கு விட்டுவையுங்கள் என்றார். அத்தை பார்த்த பார்வையில் அதோடு நிறுத்திக்கொண்டார்.

திருவிழாவுக்குள் வெள்ளை கொழுத்து, முட்டையும் இட ஆரம்பித்துவிட்டது. நான் கையில் குருணை வைத்தால் ஓடிவந்து தின்னும். திருவிழாக் காலையில் மற்ற நாலையும் துரத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. இது மட்டும் தானாக வந்து கையில் ஏறியது. அதைக் கூடைக்குள் வைக்க எனக்கு மனசே வரவில்லை.

கோயில் பந்தலில் கோழிகளை வாங்கிக்கொண்டிருந்த பெரியவர், ஒவ்வொன்றையும் என்ன வேண்டுதலுக்காகக் கொடுக்கிறோம் என்று கேட்டார். சாயங்காலம் மன்றாட்டுச் செபத்தில் சேர்த்துச் சொல்வார்களாம். வெள்ளையைக் கொடுத்து, மகனுக்குக் காமாலை சுகமானதற்கு என்றார் அத்தை. பிறகு நாலு கோழி இருந்த கூடையை என் பக்கம் நகர்த்தினார். பெரியவர் என்னைப் பார்த்தார். பொய் சொல்ல நா எழவில்லை.

"ஒரு வெள்ளக்கோழி பொழைக்கணும்னு நேந்துக்கிட்டதுங்கய்யா."

எந்தக் கோழி என்று கேட்டார். அவருடைய கையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்ததைக் காட்டினேன். அவர் அதைத் தூக்கி, றெக்கையை விரித்துப் பார்த்தார், காலைத் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தானம்மா இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஐந்தையும் ஒரே பட்டியில் விட்டார்.