அது கவர் இல்லையாம், பேக்கிங்காம்

என் மீன்கடையை மூட வைத்தது நீங்கள்தான், டீச்சர். சோதனைக்கு வந்தவர்கள் தராசைத் தூக்கிப் போனார்கள், சரி. அந்தக் கவரைக் கேட்டது நீங்கள்.

தூத்துக்குடி மார்க்கெட்டில் வாசலை ஒட்டிய இடத்தில் மீன் விற்றேன். பிளாஸ்டிக் கவர் கூடாது என்று தடை போட்டபோது எங்கள் வரிசையில் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரர் நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர். வலையை இழுத்தால் சாளை மீனோடு கவரும் ஏறி வருகிறது. வலைக் கண்ணியில் சுற்றிக்கொண்ட கவரைப் பிய்த்து எடுப்பதற்குள் மீன் கெட்டுவிடும். எனக்கு யாரும் வந்து விழிப்புணர்வு ஊட்ட வேண்டியதில்லை.

பனையோலைப் பட்டை வாங்கி வைத்து அதில் மடித்துக் கொடுத்தேன். சொட்டுகிறது என்றார்கள். தூக்குவாளி கொண்டு வாருங்கள் என்றேன். வாளியைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போகவா என்று கேட்டார்கள். பாதிப் பேர் எதிரே புதிதாகத் திறந்த ஏசி கடைக்குப் போய்விட்டார்கள். அங்கே மீனைத் தெர்மாகோல் தட்டில் வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் பச்சை இலைப் படம் ஒட்டித் தருகிறார்கள். வாங்குகிறவர்களுக்கும் பூமியைக் காப்பாற்றிய திருப்தி.

நீங்கள் என்னிடமே வந்தீர்கள். ஓலைப்பட்டையோடு என்னை நிற்கவைத்துப் போட்டோ எடுத்து, பள்ளிக்கூட விழாவில் பெரிதாக வைத்தீர்கள். மேடைக்குக் கூப்பிட்டுத் துணிப்பை கொடுத்தீர்கள். அந்தத் துணிப்பையே பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருந்தது. அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று ஒரு பெரிய ஊளி மீன் வாங்கினீர்கள். பட்டையை எடுத்ததும் தடுத்தீர்கள்.

“யக்கா, இன்னைக்கு மட்டும் கவர்ல போட்டுத் தாங்க. கார் புதுசு, வாடை பிடிச்சிரும்.”

ஐஸ் வந்த கவர் ஒன்று மீன் பலகைக்குக் கீழே கிடந்தது. டீச்சரே கேட்கிறாரே என்று அதில் போட்டேன். அதை நீங்கள் கையில் வாங்கும்போதுதான் சோதனை ஆட்கள் வாசலில் நுழைந்தார்கள். நீங்கள் மீனோடு கவரை என் பலகையிலேயே வைத்தீர்கள். கவர் யாருடையது என்று அதிகாரி கேட்டார். நீங்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டே காரில் ஏறிவிட்டீர்கள்.

தடை வந்த புதிதில், பழைய கவர் கிடந்ததற்காக ஒருமுறை என்மேல் அபராதம் எழுதியிருந்தார்கள். இது இரண்டாவது. தராசோடு இடத்துக்கான அனுமதியும் போயிற்று. நான் எதிர்க்கடைத் தட்டைக் காட்டி, அது மட்டும் என்ன சார் என்று கேட்டேன்.

“அது பேக்கிங்கு, யக்கா. கவருக்குத்தான் தடை,” என்றார் அதிகாரி. கோபம்கூட இல்லாமல், பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்.

பக்கத்தில் இறால் விற்கிறவள் விடவில்லை. “ஏளா, நீயும் ஒரு பச்சை இலைய ஒட்டியிருக்கலாம்லா. சார்வாளுக்குக் கவரே கண்ணுல பட்டிருக்காது.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் என் இடத்தில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

இப்போது ஒரு கம்பெனியில் நின்றபடி இறால் உரிக்கிறேன். உரித்ததைப் பிளாஸ்டிக் பையில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். சுவரில் ‘கடலைக் காப்போம்’ என்று எழுதியிருக்கிறது. வீட்டுக்காரர் வலையில் கவர் குறையவில்லை. இப்போது தெர்மாகோல் துண்டும் சேர்ந்து வருகிறது. இது மாறும் என்று நான் நம்பவில்லை. நல்லவர்கள் என்று பெயர் வாங்கியவர்களே இப்படி என்றால், யாரை வைத்து மாற்றுவது?

கடற்கரையில் பிளாஸ்டிக் ஒழிப்புக் கூட்டமாம். நோட்டீசில் உங்கள் படம் இருக்கிறது. நான் முன்வரிசையில் வந்து உட்காருவேன். என்னிடம் தனியாக வந்து வருத்தம் சொல்ல வேண்டாம். அந்தக் கவரைக் கேட்டது யார், கேட்டவர் ஏன் வாய் திறக்கவில்லை என்று மைக்கைப் பிடித்து, அத்தனை பேர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.