சூசையப்பர் சாப்பாட்டில் கோழி இல்லை

கொழும்பு கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த ஒழுங்கையில் தவக்காலத்தில் இறைச்சியை விடும் வீடுகள் இன்னும் சில இருந்தன. ஆனால் பிள்ளைகளையும் சேர்த்து வாட்டிய வீடு எங்களுடையது மட்டும்தான் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். சாம்பல் புதனோடு எங்கள் சட்டியை விட்டுப் போகும் கோழி தவக்காலம் முடிந்து பாஸ்காவுக்குத்தான் திரும்பி வரும். நடுவில் ஒரே ஒரு நாள் விலக்கு உண்டு. அது சூசையப்பர் திருநாள்.

அன்றைக்கு அம்மாவுக்கு ஒரு நேர்ச்சை. ஒரு முதியவர், ஒரு பெண், ஒரு பிள்ளை என்று இல்லாதப்பட்ட மூன்று பேரை வீட்டுக்கு அழைத்து வருவார். அவர்களைச் சூசையப்பராகவும் மாதாவாகவும் குழந்தை யேசுவாகவும் எண்ணிக் கால் கழுவி, மேசையில் இருத்திச் சாப்பாடு போடுவார். அவர்கள் சாப்பிட்டு எழும்பிய பிறகுதான் நாங்கள். அப்பா வேலை செய்த கந்தோரில் இதை வைத்தே அவரை நக்கலடிப்பார்கள். மூன்று பிளேட் சோற்றுக்கு மோட்சத்தில் சீட் கிடைக்குமோ என்று கேட்பார்களாம். அப்பா அதை வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பார். அடுத்த வருடமும் வாழைப்பழச் சீப்போடு வருவார்.

எனக்குக் கிழவரிலோ பெண்ணிலோ கோபமில்லை. அந்தப் பிள்ளையைத்தான் பிடிக்காது. ஒவ்வொரு வருடமும் யாரோ ஒரு பிள்ளை வந்து என் கதிரையில் ஏறி இருந்து, என் அம்மாவைக் கொண்டு கால் கழுவுவித்து, முதல் வட்டிலாப்பத்தையும் சாப்பிட்டுவிட்டுப் போகும். ஒருமுறை, நானே குழந்தை யேசுவாக இருக்கிறேனே என்று கேட்டுப் பார்த்தேன்.

"நீ வீட்டுக்காரி. உனக்கென்ன குறை?" என்றார் அம்மா. குறைகளை நான் சொல்லத் தொடங்கியபோது அவர் குசினிக்குள் போய்விட்டார்.

அந்த வருடம் நகரத்தில் குண்டு வெடித்திருந்தது. கோயில் வாசலில் வழமையாக இருப்பவர்களையெல்லாம் பொலிஸ் கலைத்துவிட்டது. திருநாளுக்கு முதல் நாள் ஆள் தேடிப் போன அம்மா, சந்தியில் இருந்த லொட்ஜின் முன்னால் பெட்டிகளுக்கு மேல் இருந்த மூன்று பேரோடு திரும்பி வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு கிழவர், அவருடைய மருமகள், பேத்தி. பேத்தியின் தகப்பன் கனடாவில் இருந்தார். விசாவுக்காகக் காத்திருந்தவர்களின், கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவு முடிந்துபோயிருந்தது. புதுப்பித்துக் கொண்டு வரும்வரை அறை இல்லை என்று லொட்ஜ்காரர் வெளியே விட்டுவிட்டார். பதிவில்லாமல் பிடிபட்டால் ஸ்டேஷனுக்குக் கொண்டு போவார்கள், எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது என்பதெல்லாம் அந்தக் காலத்தில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளுக்கே பாடம்.

மூன்று பேரின் நெற்றியிலும் திருநீறு இருந்தது. மேல்மாடியில் இருந்த பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"சைவக்கார ஆக்களைப் பிடிச்சு மாதா எண்டு இருத்தப் போறியோ தங்கச்சி? அதுவும் பதிவில்லாத ஆக்களை?"

"சூசையப்பரும் பேர் பதியப் போன இடத்தில லொட்ஜ் கிடைக்காமல் நிண்டவர்தானே அக்கா" என்றார் அம்மா.

பெரியம்மா மேலே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார். என் தலையில் இடி விழுந்தது அதற்குப் பிறகுதான். அவர்கள் மச்சம் சாப்பிடுவதில்லையாம். கோழி வாங்க வேண்டாம் என்று அம்மா அப்பாவிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

அந்தப் பிள்ளைக்கு என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். இரண்டு நீளப் பின்னல். எனக்கோ பேன் என்று சொல்லித் தலையை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள். திருநாளன்று காலையில் அம்மா அவளைத் தன் முன்னால் இருத்தி, எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, பின்னி முடித்தார். பின்னும்போது ஏதோ கதைத்துச் சிரித்தார். வயிறு எரிகிறது என்று பெரியவர்கள் சொல்வது சும்மா பேச்சுக்கு இல்லை என்பதை நான் அன்று அறிந்தேன். உண்மையாகவே எரிந்தது.

மத்தியானம் வாசலில் கால் கழுவினார். கிழவர் கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொண்டார். அவள் இழுக்கவில்லை. அம்மா அவளுடைய விரல்களுக்கிடையிலும் தண்ணீர் ஊற்றிப் புதுத் துவாயால் துடைத்துவிட்டார். பிறகு என் கதிரை. பிறகு கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, அப்பளம். நான் சுவரோடு ஒட்டி நின்று அவள் வாய்க்குள் போகும் ஒவ்வொரு பிடியையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் சப்பாத்துச் சத்தம் கேட்டது. சுற்றிவளைப்பு. அப்பா எழுந்து தன்னுடையதும் அம்மாவுடையதுமான அடையாள அட்டைகளை எடுப்பதற்குள் ஒரு பொலிஸ் அதிகாரி வாசலுக்குள் வந்துவிட்டார். அட்டைகளைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார்.

"மே கவுத?" இவர்கள் யார் என்று சிங்களத்தில் கேட்டார்.

ஞாயிறுதோறும் மறைக்கல்வி வகுப்பில் பொய் சொல்வதைப் பற்றி எங்களை நடுங்கவைக்கும் என் அப்பாவுக்கு வாய் திறக்கவில்லை. அம்மா கையில் சோற்றுக் கரண்டியோடு முன்னால் வந்தார்.

"அபே அய, மாத்தயா." எங்கள் ஆட்கள்தான் என்றார். பிறகு அந்தப் பின்னல் தலையில் கை வைத்து, "மே மகே லொகு துவ" என்றார். என் மூத்த மகள்.

மூத்த மகள். இந்த வீட்டில் இருக்கும் ஒரே மகள் நான் சுவரோடு நிற்க, அம்மா அதை ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னார். அந்தப் பிள்ளை சோற்றுக்குள் கை வைத்தபடி அப்படியே இருந்தாள். கிழவரின் உதடுகள் அசைந்தன. அதிகாரி அவர்களிடம் அட்டைகளுக்காகக் கையை நீட்டியவர், என்னைப் பார்த்து நிறுத்தினார்.

"எத்தத?" உண்மையா என்று என்னிடம் கேட்டார். "உன் அக்காவா?"

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒழுங்கையில் விளையாடிப் பழகிய சிங்களம் எனக்குத் தண்ணீராக வந்தது. அவளுக்குத்தான் எல்லாம் முதல், அவளுக்குத்தான் தலை பின்னுவது, அவள் இருப்பது என்னுடைய கதிரை, அவளுக்குப் பிடிக்காது என்பதற்காகத்தான் இன்றைக்குக் கோழி இல்லை, அம்மாவுக்கு நான் ஒருத்தி இருப்பதே தெரியாது என்று சொல்லிக்கொண்டே போனேன். கடைசியில் அழுதும்விட்டேன்.

அதிகாரி சிரித்தார். அவருக்குப் பின்னால் நின்ற பொலிஸ்காரரும் சிரித்தார். தன் வீட்டிலும் இரண்டு இருக்கின்றன, இதே சண்டைதான் என்று அம்மாவிடம் சொன்னார். நீட்டிய கையால் என் மொட்டைத் தலையைத் தடவிவிட்டு, "இவளுக்கும் ஒரு நாளைக்கு முதலில் போடுங்கள் நோனா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனார்.

சப்பாத்துச் சத்தம் ஒழுங்கையைத் தாண்டிப் போனதும் அந்தப் பிள்ளை எழுந்து வந்து, எச்சில் கையோடு என்னைக் கட்டிப்பிடித்து விம்மி விம்மி அழுதாள். கோழி இல்லாமல் போனதற்குத்தான் இவ்வளவு வருத்தப்படுகிறாள் என்று நினைத்தேன். எனக்கே பாவமாகிவிட்டது. "பரவாயில்லை, பாஸ்காவுக்குக் காய்ச்சுவினம்" என்று அவளைத் தேற்றினேன்.

ஆனால் அம்மாவை நான் விடவில்லை. "அம்மா பொய் சொன்னவ" என்று அப்பாவிடம் முறையிட்டேன். நான் அப்படிச் சொல்லியிருந்தால் சுவரைப் பார்த்து முழங்காலில் நின்றிருப்பேன்.

அப்பா அந்தப் பிள்ளையின் கோப்பையில் சோறு போட்டுக்கொண்டிருந்தார். "அம்மா பொய் சொல்லேல்லை" என்றார்.

பெரியவர்கள் எல்லோரும் ஒரு கட்சி என்று முடிவு செய்தேன். அன்று மாலை செபமாலை சொல்லும்போது, யாருக்காவது மன்றாட வேண்டுமா என்று அம்மா வழமைபோலக் கேட்டார். என் பக்க நியாயத்தைக் கேட்டவர் அந்த வீட்டுக்குள் வந்த ஒரே ஒருவர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அம்மாவுக்கு உறைக்கட்டும் என்று குரலை உயர்த்தி, "அந்தப் பொலிஸ் மாமாவுக்காக" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அவருக்காக என்று சொல்லி, அருள்நிறை மந்திரத்தைத் தொடங்கினார். மந்திரம் தெரியாத அந்த மூன்று பேரும் கூட முழங்காலில் நின்று, எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னார்கள். அன்று நான்தான் வென்றேன் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.