அக்காவை அழைத்துப் போகிறவன்

பெயிண்டருக்கு ‘நாளைக்கு’ என்று பட்டப்பெயர் வைத்ததே அவன் அக்காதான். ஒரு சுவரை முடித்துவிட்டு, மற்றதை நாளைக்குப் பார்க்கலாம் என்று போனால் வாரக்கணக்கில் ஆள் கண்ணில் படமாட்டான். கெட்டவன் இல்லை. யார் கூப்பிட்டாலும் தலையாட்டிவிடுவான். எத்தனை பேரிடம் ஆட்டினோம் என்பதுதான் அவனுக்கு நினைவிருக்காது.

அக்காவுக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போயாக வேண்டும். அவள் கணவர் பஸ் டிரைவர். விடிவதற்குள் வேலைக்குக் கிளம்பிவிடுவார். நான் கூட்டிக்கொண்டு போகிறேன் மாமா என்று பெயிண்டர் முன்வந்தான். மாமா சரியென்றார். அவனுக்குத் தெரியாமல் ஒரு டாக்சிக்காரரிடமும் சொல்லிவைத்தார்.

முதல் நாள் ஸ்கூட்டரும் டாக்சியும் ஒன்றாக வாசலுக்கு வந்தன. பெயிண்டருக்கு முகம் சுண்டிப்போயிற்று. சண்டைக்கு வாயெடுத்தவனை அக்கா தடுத்தாள்.

“கோவப்படாதடா. ஒரு நாள் தவறினா எனக்கு மூச்சு முட்டும். உன்னை நம்பிப் பாக்கறதுக்கு என்கிட்ட இன்னொரு உசுரு இல்ல.”

அவன் டாக்சிக்காரர் பக்கம் திரும்பி, “நீங்களும் வாங்கண்ணே. நானும் வர்றேன்” என்றான்.

அன்றிலிருந்து, முடியாது என்று சொல்லப் பழகினான். ஒரு பெரிய மண்டப வேலை. திறப்பு விழா நெருங்கிவிட்டது. டயாலிசிஸ் நாளன்று காலையில் அவன் ஏணியிலிருந்து இறங்கியதும் மேஸ்திரி மறித்தார். இப்போது இறங்கினால் இனி ஏற வேண்டாம் என்றார். அவன் பிரஷ்ஷைக் கழுவி அவர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினான். பிறகு கேட், ஜன்னல் கம்பி என்று கிடைத்த சில்லறை வேலைகளைச் செய்தான். எந்தெந்த நாள் வரமாட்டேன் என்பதை முதலிலேயே சொன்னான். வருகிறேன் என்ற நாளில் போய் நின்றான். ஒருமுறை கூப்பிட்டவர்கள் மறுபடியும் கூப்பிட்டார்கள்.

இதற்குள் அக்கா ஸ்கூட்டரிலேயே போகத் தொடங்கியிருந்தாள்; கூப்பிட்டால்தான் டாக்சி வரும். ஒரு டயாலிசிஸ் நாளில் அவனுக்கே காய்ச்சல் கொதித்தது. ஸ்கூட்டர் ஓட்டினால் இருவரும் விழுவோம் என்று தெரிந்தது. வீம்பு பிடிக்காமல் டாக்சிக்காரருக்கு அவனே போன் செய்தான். கம்பளியைப் போர்த்திக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்து கூடவே போனான்.

டாக்சிக்காரர் இதை மாமாவிடம் சொன்னார். மாமா கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

மறுமாதம் மாமா வெளியூர் பஸ்ஸுக்கு மாறினார். அது இரண்டு நாள் வீடு திரும்ப முடியாத ஓட்டம். மனைவிக்கு முடியாமல் போனதிலிருந்து தட்டிக்கழித்துவந்த வேலை. புறப்படும்போது மைத்துனனிடம், பத்திரமாகப் பார்த்துக்கொள் என்றுகூடச் சொல்லவில்லை. டாக்சிக்காரரிடமும் இந்த முறை எதுவும் சொல்லிவைக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினார்.