ஒரு இஞ்சுக் குழாயும் நாற்பது பேருக்குத் தலைவரும்

பில்லக்காவின் சொந்தப் பெயர் முதலாளிக்கே மறந்துபோய்ப் பல வருடம் ஆகிறது. ஹார்டுவேர் கடையில் பதினொரு வருடமாக பில் போடுகிறாள், அதனால் பில்லக்கா. கடையில் இருக்கும் சரக்கெல்லாம் பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. கம்ப்யூட்டரில் இல்லாததெல்லாம் அவள் தலையில் இருந்தது.

ஊருக்கு வெளியே கண்ணாடிக் கட்டடத்தில் இருந்த சாஃப்ட்வேர் கம்பெனி, ஒரே மின்னஞ்சலில் அறுநூறு பேரை வீட்டுக்கு அனுப்பியது. “நம் குடும்பம்” என்று தொடங்கி “வாழ்த்துகள்” என்று முடிந்த மின்னஞ்சலாம். ஊரே உச்சுக் கொட்டியது. முதலாளிக்கு மட்டும் வாயெல்லாம் பல். அங்கே நாற்பது பேருக்குத் தலைவராக இருந்தவர், பில்லக்கா வாங்குவதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு வந்து நின்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

“ஒரு மாசம் தம்பிக்கு எல்லாத்தையும் சொல்லிக் கொடும்மா. அப்புறம் நீயும் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கலாம்ல” என்றார், அவள் உடம்பின் மேல் இத்தனை வருடம் இல்லாத அக்கறையோடு. பில்லக்காவுக்குப் புரிந்துவிட்டது. மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். வீட்டுக்கு வருகிற சம்பளம் இது ஒன்றுதான்.

தலைவர் தினமும் காலையில் ஐந்து நிமிடம் நின்றபடியே கூட்டம் நடத்துவார். கூட்டத்துக்கு ஆள் அவரும் பில்லக்காவும். நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் சுமைக்காரர்கள் இதை வேடிக்கை பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் கம்ப்யூட்டர் பட்டியலைப் பார்த்துக் கேட்டார்: “ஒரு இஞ்சுக் குழாய், ஒரு இஞ்சுக் குழாய் பழசுன்னு ரெண்டு இருக்கே. ரெண்டும் ஒண்ணுதானேக்கா?”

பழசு என்றால் லாரியிலிருந்து விழுந்து கீறல் விட்டது. வேலி போடுகிறவர்களுக்கு மட்டும்தான் அதைக் கொடுப்பாள். சொல்ல வாயெடுத்தாள், மகள் ஞாபகம் வந்தது.

“படிச்சவங்க நீங்க. உங்களுக்குத் தெரியாததா தம்பி?”

அவர் உச்சி குளிர்ந்து கம்ப்யூட்டரில் இரண்டையும் ஒன்றாக்கினார்.

அடுத்த வாரம் ஒரு மேஸ்திரி நனைந்த சட்டையோடு வந்தார். புது வீட்டின் சமையலறைச் சுவருக்குள், இங்கே வாங்கிய கீறல் குழாய் வெடித்திருந்தது. முதலாளி தாம்தூம் என்று குதித்தார். குதித்தவர் பில்லக்கா பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லிக் கொடுக்கலையா?”



“அக்கா சொன்னாங்க சார்” என்றார் தலைவர். “நான்தான் கேக்கல.”

முழுப் பொய். அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு பையை எடுத்துக்கொண்டார். வேலை போவதில் இப்போது அவருக்கு அனுபவம் இருந்தது.

பில்லக்காவுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே நிம்மதியாகவும் இருந்தது, அதுதான் இன்னும் வெட்கம்.

“இனிமே நீயே பாத்துக்கம்மா” என்றார் முதலாளி. “அந்தத் தம்பிக்குப் பேசின சம்பளமே உனக்கும் போதும்ல? இன்னும் எத்தனையோ பேர் வந்து கேட்டுட்டுப் போறாங்க.”

படியிறங்கிப் போகிறவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. முதலாளியிடம் “சரிங்க” என்று சொல்ல மட்டும் வந்தது.